விசைப்பலகை விசைகளுக்குச் சாயமேற்றல்

விசைப்பலகை விசைகளுக்குச் சாயமேற்றல் என்பது கணினி விசைப்பலகையின் விசைமூடிகளைக் கழற்றி, சூடான சாய நீரில் இட்டு, நிறம் மாற்றும் முறை ஆகும். வண்ணம் பூசுவதிலிருந்து இது வேறுபட்டது. பூச்சு விசையின் மேற்பரப்பில் ஒரு படலமாக மட்டும் நிற்பதால் விரல் படும் இடத்தில் சில மாதங்களில் தேய்ந்துவிடும். சாயம் நெகிழியின் மேற்பரப்பைக் கடந்து சிறிது ஆழம் வரை ஊடுருவுவதால் எளிதில் தேய்வதில்லை. இதே காரணத்தால் ஏற்றிய சாயத்தை வீட்டில் முழுமையாக நீக்கவும் இயலாது. எனவே எந்த விசைக்கு எந்த நிறம் என்பதைப் பாத்திரத்தை அடுப்பில் வைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளை மட்டுமே தாங்கியவை. தமிழ்த் தட்டச்சு பழகுவோர் பலர் அவற்றின்மீது எழுத்து ஒட்டிகளை ஒட்டிக்கொள்கின்றனர். வெயிலிலும் வியர்வையிலும் ஒட்டியின் பசை இளகி, ஓரங்கள் மேலெழுந்துவிடுகின்றன. விசைகளுக்கு இனவாரியாக நிறம் கொடுப்பது இதற்கு ஒரு மாற்றாகும். எனினும் நிறம் எழுத்தின் இனத்தையே காட்டும்; இன்ன எழுத்து என்று காட்டாது.

நெகிழியின் வகை

எந்த நிறம் சாத்தியம் என்பதை முதலில் தீர்மானிப்பது விசைமூடி எந்த நெகிழியால் ஆனது என்பதே. விசைமூடிகளில் பெரிதும் பயன்படுபவை இரண்டு. ஒன்று ஏபிஎஸ் எனச் சுருக்கி அழைக்கப்படும் அக்ரைலோநைட்ரைல் பியூட்டாடையீன் ஸ்டைரீன். மற்றொன்று பிபிடி எனப்படும் பாலிபியூட்டிலீன் டெரெப்தாலேட். விலை குறைந்த பலகைகளில் ஏபிஎஸ் மிகுதி. சில ஆண்டுப் பயன்பாட்டில் வழவழப்பாகிப் பளபளக்கும் விசைகள் பெரும்பாலும் ஏபிஎஸ் ஆகவே இருக்கும். பிபிடி விசைகள் சற்றுச் சொரசொரப்பானவை. தட்டும்போது கனத்த ஒலி எழுப்புபவை.

இரண்டையும் வேறுபடுத்தி அறிய உப்புக் கரைசல் போதும். ஏபிஎஸ் நெகிழியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.05 கிராம், பிபிடியின் அடர்த்தி ஏறத்தாழ 1.31 கிராம். அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் சமையல் உப்பு கரையும். அவ்வாறு உப்பு மேலும் கரையாத நிலையை அடைந்த கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 கிராம் ஆகும். வெறும் நீரில் இரு வகை விசைகளுமே மூழ்கும். நிறைவுற்ற உப்புக் கரைசலில் ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி மூழ்கும். விசையின் உட்புறக் குழியில் காற்றுக் குமிழி தங்கியிருந்தால் பிபிடி விசையும் மிதந்து ஏமாற்றும் என்பதால் விசையைக் கரைசலுக்குள்ளேயே புரட்டிக் குமிழியை வெளியேற்றிய பின்னரே முடிவு காண வேண்டும்.

பிபிடி விசைகளே சாயமேற்றலுக்கு ஏற்றவை. ஏபிஎஸ் ஓரளவு சாயத்தை ஏற்கும் எனினும், அது இளகத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 105 பாகை செல்சியசு. கொதிநீருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. விசை வளைந்து தண்டில் பொருந்தாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

ஒளிரும் விசைப்பலகைகளின் விசைகள் பல, ஒளி கசியும் நெகிழியின்மேல் கறுப்புப் பூச்சிட்டு, எழுத்தின் வடிவில் அப்பூச்சை நீக்கிச் செய்யப்பட்டவை. இவற்றுக்குச் சாயமேற்றுவதில் பயனில்லை. மடிக்கணினி விசைகளைக் கழற்றினால் அவற்றின் மெல்லிய கத்தரிக்கோல் பொறி உடையக்கூடும் என்பதால் அவற்றையும் விட்டுவிடுவது நல்லது.

சங்கரன்கோவில் நூற்சாயமும் விசைச் சாயமும்

தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசு விழாவாலும் அறியப்பட்ட ஊர். 2019 வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. விசைத்தறி நெசவு இவ்வூரின் முக்கியத் தொழில்களுள் ஒன்று. (விசைத்தறியின் விசை ஆற்றலைக் குறிப்பது, விசைப்பலகையின் விசை பொத்தானைக் குறிப்பது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு.) நெசவு நடக்கும் ஊரில் சாயத்தைப் பற்றிய பட்டறிவுக்குப் பஞ்சமிருக்காது. ஆகவே, பருத்திச் சிட்டா நூலை நனைக்கும் அதே சாயத்தில் விசைகளையும் நனைத்தால் என்ன என்ற எண்ணம் இத்தகைய ஊரில் இயல்பாக எழக்கூடியது. ஆனால் அது பலிப்பதில்லை. காரணம் வேதியியலில் இருக்கிறது.

பருத்தி என்பது செல்லுலோசு. அதன் மூலக்கூறு நெடுகிலும் ஐதராக்சில் தொகுதிகள் உள்ளன. நீரை விரும்பி உறிஞ்சும். பருத்திக்கான சாயங்கள் இந்த இயல்பைப் பயன்படுத்திக்கொள்பவை. 1956 இல் ஐசிஐ நிறுவனம் புரோசியன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த வினைபுரி சாயங்கள், சோடா சாம்பல் கலந்த காரக் கரைசலில் செல்லுலோசுடன் வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கின்றன. தொட்டிச் சாயங்கள் கரையும் வடிவில் நூலுக்குள் புகுந்து, பின்னர் காற்றுப் பட்டுக் கரையாத வடிவுக்கு மாறி உள்ளே சிக்கிக்கொள்கின்றன. பிபிடியோ நீரை ஏற்காத நெகிழி. வினைபுரி சாயம் பிடித்துக்கொள்ள அதில் ஐதராக்சில் தொகுதிகள் போதிய அளவில் இல்லை. எத்தனை மணி நேரம் ஊறினாலும் கழுவியவுடன் விசை பழைய நிறத்திலேயே நிற்கும். பருத்தியும் பாலியெசுத்தரும் கலந்த துணியைப் பருத்திச் சாயத்தில் நனைத்தால் பாலியெசுத்தர் இழைகள் மட்டும் வெளுப்பாகவே நின்றுவிடுவது சாயப்பட்டறைகளில் அனைவரும் அறிந்தது. விசையின் நிலையும் அந்த இழையின் நிலையே.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. பிபிடியும் ஒரு பாலியெசுத்தரே. 1941 இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் ஆகிய இருவரும் கண்டறிந்து, பின்னர் டெரிலீன் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய இழைக்கு இது நெருங்கிய உறவு. டெரிலீனில் இரண்டு கரிம அணுக்கள் கொண்ட எத்திலீன் கிளைக்கால் வரும் இடத்தில், பிபிடியில் நான்கு கரிம அணுக்கள் கொண்ட பியூட்டேன் டையால் வருகிறது. ஆகவே விசைக்கு வேண்டியது பாலியெசுத்தர் துணிக்கான சாயம். இதற்குச் சிதறற் சாயம் என்று பெயர். 1920களில் அசிட்டேட்டு இழைக்காக உருவாக்கப்பட்ட இவ்வகைச் சாயங்களின் மூலக்கூறுகள் சிறியவை, மின்னூட்டம் அற்றவை, நீரில் மிக அரிதாகவே கரைபவை. நீரில் நுண்துகள்களாகச் சிதறி நின்று, வெப்பத்தால் நெகிழ்ந்த நெகிழிக்குள் ஊடுருவி, ஆறியதும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

டெரிலீன் துணிக்குச் சாயமேற்ற ஆலைகளில் அழுத்தக் கலனில் ஏறத்தாழ 130 பாகை செல்சியசு வெப்பம் தேவைப்படுகிறது. பிபிடியின் நீண்ட, வளைந்துகொடுக்கும் சங்கிலி அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சாயத்துக்கு வழிவிடுகிறது. கொதிநிலையை ஒட்டிய நீரே போதும். வீட்டு அடுப்பில் இவ்வேலை நடைபெறுவதற்கு இதுவே அடிப்படை.

சாயம் வாங்கும்போது பொட்டலத்தில் பருத்திக்கு என்றிருந்தால் தவிர்த்து, பாலியெசுத்தருக்கு அல்லது செயற்கை இழைக்கு என்றிருப்பதையே வாங்க வேண்டும். வெளிநாடுகளில் ரிட் டைமோர், ஐடை பாலி போன்ற பெயர்களில் சிறு பொட்டலங்கள் கிடைக்கின்றன.

நிறத் தேர்வின் எல்லைகள்

சாயம் ஒளியைக் கழிக்கும், கூட்டாது. இருக்கும் நிறத்தின்மேல் இன்னொரு நிறம் ஏறுமேயன்றி, இருக்கும் நிறம் மறைவதில்லை. கறுப்பு விசையை எந்தச் சாயத்தில் இட்டாலும் கறுப்பே. சாம்பல் விசையில் எந்த நிறமும் மங்கலாகவே தெரியும். பழைய பலகைகளின் வெளிர்மஞ்சள் விசையில் நீலம் ஏற்றினால் பச்சை கலந்த நீலமும், இளஞ்சிவப்பு ஏற்றினால் செம்மஞ்சளை ஒட்டிய நிறமும் கிடைக்கும். பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் நிறம் வெள்ளைத் துணியில் தோன்றும் நிறமாகும். விசையில் அந்நிறம் வேண்டுமெனில் விசையும் வெள்ளையாக இருக்க வேண்டும்.

அடுத்தது எழுத்துப் பொறிப்பு. 1985 முதல் வெளிவந்த ஐபிஎம் மாதிரி-எம் விசைப்பலகைகளின் பிபிடி விசைகளில் எழுத்துகளும் சாயத்தாலேயே பதிக்கப்பட்டிருந்தன. வெப்பத்தால் ஆவியாக்கப்பட்ட கருஞ்சாயம் வெளிர் நெகிழிக்குள் புகுத்தப்பட்டது. இத்தகைய கறுப்பு எழுத்துகள் வெளிர் நிறம் ஏற்றினால் தெளிவாக நிற்கும். அடர் நிறம் ஏற்றினால் மறைந்துபோகும். இணையப் பக்கங்களின் அணுகுதன்மைக்கான வழிகாட்டுதல்கள் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் கோருகின்றன. விசைகளுக்கென்று அப்படியொரு விதி இல்லையாயினும், அளவுகோலாக அதைக் கடன் வாங்கலாம். இதைவிட எளிய வழி, சாயமேற்றிய சோதனை விசையைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்ப்பது. அதில் எழுத்து தெளிவாகத் தெரியவில்லையென்றால் மாலை வெளிச்சத்திலும் தெரியாது.

மூன்றாவது, பார்வை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத குறைபாடு ஆண்களிடையே கூடுதலாகக் காணப்படுவது. அதற்கான மரபணுக்கள் எக்சு நிறப்புரியில் இருப்பதே காரணம். பலர் பயன்படுத்தும் பலகையில், குறிப்பாகக் கணினிப் பயிற்சி நிலையங்களில், சிவப்பு, பச்சை இணையைத் தவிர்ப்பது நலம். நீலமும் மஞ்சளும் பெரும்பாலோருக்குத் தெளிவாக வேறுபட்டுத் தோன்றும்.

நிறத்தை அலங்காரமாகக் கொள்ளாமல் குறியீடாகக் கொண்ட பழைய எடுத்துக்காட்டு ஒன்றும் மாதிரி-எம் பலகையிலேயே உண்டு. பல மாதிரி-எம் பலகைகளில் ஆல்ட் விசையின் எழுத்து பச்சை நிறத்தில் இருந்தது. அதனுடன் சேர்த்து அழுத்த வேண்டிய சிஸ்ரெக் (SysRq) செயலின் பெயரும் விசையின் முன்முகத்தில் பச்சையிலேயே இருந்தது. கையேடு இல்லாமலே பயனர் இணையைக் கண்டுகொள்ள இயன்றது.

தமிழ்99 அமைப்புக்கு ஒரு நிறத் திட்டம்

தமிழ்நாடு அரசு 1999 இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் 12 உயிரெழுத்துகளும் 18 மெய்யெழுத்துகளும் ஆய்தமும் ஆக 31 எழுத்துகள் 31 விசைகளில் மாற்று விசையின் துணையின்றி அமைந்துள்ளன. உயிர்கள் யாவும் இடப்பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். இவ்வமைப்பின் அழகு இதற்கு மேல்தான் இருக்கிறது. வலக்கையின் மேல்வரிசையை இடமிருந்து படித்தால் ள, ற, ன, ட, ண, ச, ஞ என வரும். நடுவரிசை க, ப, ம, த, ந, ய. இவற்றில் ற-ன, ட-ண, ச-ஞ, ப-ம, த-ந ஆகியவை வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் அடுத்தடுத்து நிற்கும் இணைகள். ககரத்தின் இணையான ஙகரம் மட்டும் கீழ்வரிசையில், ககரத்துக்குச் சற்று இடப்பக்கமாக நிற்கிறது. இடையினத்தில் வ, ல, ர, ழ நான்கும் கீழ்வரிசையிலும், ளகரம் மேல்வரிசையின் தொடக்கத்திலும், யகரம் நடுவரிசையின் முடிவிலும் உள்ளன.

ஆங்கில எழுத்துகளை மட்டும் தாங்கிய பலகையில் இந்த ஒழுங்கு கண்ணுக்குப் புலப்படாது. நிறம் அதைப் புலப்படுத்தும். வெள்ளை அல்லது வெளிர் பிபிடி விசைகளுக்கு இரண்டே சாயங்களில், நீலம், மஞ்சள் ஆகியவற்றில், பின்வருமாறு செய்யலாம்.

உயிரெழுத்து விசைகள் 12க்கும் சாயம் வேண்டாம். அவை ஒரே பக்கத்தில் திரண்டிருப்பதால் வெள்ளையாகவே தனித்துத் தெரியும். இடையின விசைகள் 6க்கும் மஞ்சள். மெல்லின விசைகள் 6க்கும் வெளிர்நீலம். வல்லின விசைகள் 6க்கும் அதே நீலம் சற்று அடர்த்தியாக. இன எழுத்துகள் ஒரே சாயத்தின் இரு அடர்த்திகளாக நிற்பது இத்திட்டத்தின் பயன். தமிழ்99 அமைப்பில் மெல்லினத்தைத் தட்டி அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினால் மெல்லினத்துக்குப் புள்ளி தானே விழும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. புதிதாகப் பழகுவோர் இவ்விதியை மறந்து புள்ளியைத் தனியே தட்டுவதுண்டு. வெளிர்நீலத்துக்குப் பக்கத்தில் அடர்நீலம் என்று கண்டால் புள்ளி தேவையில்லை என்பது நினைவுக்கு வரும்.

ஆய்தம் எஃப் எழுத்து விசையில் இருக்கிறது. இடக்கைச் சுட்டுவிரல் ஊன்றும் விசை இதுவே. விரலுக்கு அடையாளமாகச் சிறு மேடும் இதில் உண்டு. இதனை மஞ்சளில் இட்டு, பின்னர் நீலத்திலும் இட்டால் பச்சையாகும். உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல் தனித்து நிற்கும் எழுத்துக்குத் தனி நிறம் பொருத்தமானதே.

இலங்கையில் வழங்கும் இரங்கநாதன் அமைப்பு முதலிய பிற அமைப்புகளில் எழுத்துகளின் இடம் வேறு என்பதால் இத்திட்டம் அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஆங்கில உச்சரிப்பு வழியில் தமிழைத் தட்டுவோருக்கும் இதனால் பயனில்லை.

செய்முறை

விசைகளைக் கழற்றும் முன் பலகையைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். கம்பி வகை விசை பிடுங்கியால் நேராக மேல்நோக்கி இழுத்துக் கழற்றி, பாத்திரம் துலக்கும் திரவத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். விரல் ரேகை படிந்த இடத்தில் சாயம் திட்டாகப் பிடிக்கும்.

இனிச் சமையலுக்குப் பயன்படுத்தப் போவதில்லை என்று ஒதுக்கிவிட்ட எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். சாயத்தைச் சிறிது வெந்நீரில் குழைத்துப் பின் பாத்திரத்து நீரில் கலந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறி நிற்கச் சில துளி பாத்திரம் துலக்கும் திரவமும், கரைசல் மெல்லிய அமிலத்தன்மை பெறச் சிறிது வினிகரும் சேர்க்கலாம். உப்பு நீராக இருக்கும் கிணற்றுநீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ விட, குடிநீரே நல்லது. கடின நீரில் சாயத் துகள்கள் திரண்டு விசையில் புள்ளிகளாகப் படியக்கூடும்.

நீர் கொதிநிலையை நெருங்கிச் சிறு குமிழிகள் எழும் நிலையில் விசைகளை வலைப்பையிலோ வடிதட்டிலோ இட்டு அமிழ்த்த வேண்டும். விசைகள் சூடான அடித்தட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் வளைந்துவிடும். தொடர்ந்து கிளறிவிடுவதும் தேவை. நிறத்தின் அடர்த்தியைத் தீர்மானிப்பவை வெப்பமும் நேரமும். வெளிர் நிறத்துக்குச் சில நிமிடங்கள் போதும், அடர் நிறத்துக்கு அரை மணி வரையும் ஆகலாம். ஈரத்தில் நிறம் சற்று அடர்த்தியாகத் தோன்றும் என்பதால் ஒவ்வொரு முறையும் விசையைத் துடைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முதலில் அதிகம் பயன்படாத ஸ்க்ரோல் லாக் போன்ற ஒரு விசையை இட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒரே நிறம் பெற வேண்டிய விசைகள் யாவும் ஒரே நேரத்தில் ஒரே பாத்திரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏற வேண்டும். மேற்கண்ட திட்டத்தில் நீலப் பாத்திரத்தில் 12 விசைகளையும் ஒன்றாக இட்டு, வெளிர்நீலம் வந்ததும் மெல்லின விசைகளை எடுத்துவிட்டு வல்லின விசைகளைத் தொடர விடலாம். ஆய்த விசையின் மஞ்சள் நீலப் பாத்திரத்தில் சிறிது கசியும் என்பதால் அதைக் கடைசியில் தனியே இடுவதே முறை. இரு சாயத் தூள்களை ஒரே பாத்திரத்தில் கலந்து புது நிறம் செய்வது பரிந்துரைக்கத்தக்கதன்று. இரண்டும் நெகிழிக்குள் ஒரே வேகத்தில் ஊடுருவுவதில்லை. ஐந்தாம் நிமிடத்தில் ஒரு பச்சை, பதினைந்தாம் நிமிடத்தில் வேறொரு பச்சை என்றாகும்.

எடுத்த விசைகளைக் குளிர்ந்த நீரிலும் சோப்பு நீரிலும் அலசி, கழுவிய நீரில் நிறம் வராத வரை தேய்த்து, உட்குழியில் ஈரம் இல்லாமல் ஒரு நாள் உலர்த்திய பின்னரே மாட்ட வேண்டும்.

இடைவெளி விசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீளமான வார்ப்பில் பிபிடி வளைந்துபோவதால் மற்ற விசைகளைப் பிபிடியில் செய்த உற்பத்தியாளர்கள் பலர் இடைவெளி விசையை மட்டும் ஏபிஎஸ் நெகிழியில் செய்திருக்கின்றனர். பழைய பலகைகளில் இவ்விசை மட்டும் மஞ்சளித்திருப்பதும் இதனால்தான். அதற்கும் சேர்த்து நிறம் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

பாதுகாப்பும் சாயநீரும்

சிதறற் சாயங்கள் சிலவற்றால் தோல் ஒவ்வாமை உண்டாகும் என்பது நன்கு அறியப்பட்டது. சிதறல் நீலம் 106, சிதறல் நீலம் 124 ஆகிய இரண்டும் இவ்வகையில் பெயர்பெற்றவை. விசை என்பது நாள் முழுதும் விரல் படும் பொருள். எனவே சாயத்தின் குறியீட்டெண் பொட்டலத்தில் இல்லாத, சில்லறையாக மடித்துத் தரப்படும் தூளைத் தவிர்க்க வேண்டும். தூளைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் தேவை. அடுப்பு காற்றோட்டமான இடத்தில், இயன்றால் வீட்டுக்கு வெளியே, இருக்க வேண்டும்.

சாயநீர் எங்கே போகிறது என்பது தமிழ்நாட்டில் சிறிய கேள்வியன்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியதைத் தொடர்ந்து, 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரு பலகைக்கான சாயநீர் சில லிட்டர்தான் எனினும், அதைக் கிணற்றடியிலோ குளத்திலோ திறந்த வாய்க்காலிலோ ஊற்றுவது தகாது. பயனற்ற பழைய பிபிடி விசைகளை அந்நீரிலேயே மீண்டும் காய்ச்சினால் எஞ்சிய சாயத்தின் ஒரு பகுதியை அவை இழுத்துக்கொள்ளும். மீதி நீரை அகன்ற தட்டில் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வெயிலில் வைத்து வற்றவிட்டு, உலர்ந்த கசடைத் தாளில் சுருட்டிக் குப்பையில் சேர்க்கலாம். தென்காசி மாவட்டத்துக் கோடை வெயிலில் இதற்கு அதிக நாட்கள் ஆகாது.